ஆதி ரசிகரின் பத்துக் கேள்விகள்

பாட்டுக் கேட்பவர்களில் பல இனங்கள் உண்டு. கண்ணை மூடிக் கேட்பவர், காலைத் தட்டிக் கேட்பவர், பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேசிக்கொண்டே கேட்பவர், கேட்காமலே கை தட்டுபவர். இவர்கள் எல்லாரும் சாதுக்கள், விட்டுத் தள்ளுங்கள். நாம் பார்க்கப் போவது ஆதி ரசிகரை.

எந்தக் குழு எந்த மூலையில் கடை விரித்தாலும் முதல் கச்சேரிக்கு ஒரு பத்துப் பேர் வந்திருப்பார்கள் அல்லவா? அதில் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் போய்விடுவார்கள். பத்தாவது ஆசாமி மட்டும் போகமாட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள், அதே கூடத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேஜைக்கு இடது பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். மற்றவர்கள் குதிப்பார்கள், தலைமுடியைச் சுழற்றுவார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் குதிக்க மாட்டார். பாட்டு முடிந்ததும் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார், சான்றிதழில் முத்திரை குத்துகிற மாதிரி. பிறகு பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, அவர் காதில் அந்த ஒரு வாக்கியத்தைப் போடுவார்.

"ம்ம்… பரவாயில்லை. ஆனா முதல் பாடகி இருந்தப்ப நீங்க கேட்டிருக்கணும்."

நீங்கள் கேட்டிருக்க முடியாது. முதல் பாடகி மூன்றே மூன்று கச்சேரி பாடிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு பூசானுக்குப் போய்விட்டாள். அங்கே அடுக்குமாடி வீடு விற்கிறாள். அவளுக்கே தான் பாடியது ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஆதி ரசிகருக்கு இருக்கிறது.

சியோலில், பாட்டுக் கூடங்கள் மலிந்த ஹோங்தே பக்கம் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. அதில் தலைசிறந்த ஓர் உருப்படியைச் சொல்வதென்றால் குவாக் தேசிக்கைத்தான் சொல்ல வேண்டும். வயது நாற்பத்து நான்கு. உத்தியோகம், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்து, 'தேறியது', 'தேறவில்லை' என்று சீட்டு ஒட்டுவது. இருபது வருஷம் அதைச் செய்த மனிதர் மற்ற நேரத்தில் மட்டும் சும்மா இருப்பாரா?

அவர் ஆதி ரசிகராக இருக்கும் குழுவின் பெயர் 'சாம்பல் அரண்மனை'. சிம்ஃபோனிக் மெட்டல் என்று சொல்கிற வகை. இரண்டு கிட்டாரும் ஒரு டிரம்ஸும் சேர்ந்து இடிக்கிற இடியில் மேல்மாடி நூடுல்ஸ் கடையில் கிண்ணம் ஆடும். அந்த இடிக்கு மேலே, கறுப்பு வெல்வெட் கவுன் போட்ட ஒரு பெண் ஆப்பராக் குரலில் ஏறி, ஏறி, இதற்கு மேல் ஏற இடமில்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறுவாள். பின்னணியில் அறுபது வயலினும் நாற்பது பேர் கோஷ்டிகானமும் முழங்கும். அந்த நூறு பேரும் கீபோர்டு வாசிக்கிறவரின் லேப்டாப்புக்குள் குடியிருக்கிறார்கள். சோறு கேட்க மாட்டார்கள்.

சியோலில் எந்தக் குழுவுக்கும் இணையத்தில் ஒரு ரசிகர் கஃபே உண்டு. அங்கே காப்பி கிடைக்காது, பதவி கிடைக்கும். சாம்பல் அரண்மனைக் கஃபேயை நிறுவியவரும் நிர்வாகியும் நம் தேசிக்தான். ஐந்து பதவிகள் வைத்திருந்தார்: விதை, தளிர், இலை, கிளை, வேர். வேர் ஒருவரே, அவரே. விதையாக உள்ளே நுழைகிறவர் ஒன்றும் படிக்க முடியாது, ஒரு படமும் பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், டிக்கெட் வாங்க முடியாது. "போலி ரசிகர்கள் நுழையக் கூடாது" என்று கிளைக்குக் கீழே உள்ளவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தார். மேலே ஏற வேண்டுமானால் பத்துக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

சாதாரணக் கேள்விகளா அவை? 'முதல் கச்சேரியில் டிரம்ஸ் அடித்தவரின் எந்தக் கைக் குச்சி ஒடிந்தது?' 'இரண்டாவது ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் பாடகி எத்தனை இடத்தில் மூச்சு எடுக்கிறார்?' 'லேப்டாப் அணைந்து போய் ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் பாதிப் பாட்டில் காணாமல் போன நாள் எது, கிழமையோடு?' பத்தாவது கேள்விதான் மகுடம்: 'இந்தக் குழுவை ஏன் நேசிக்கிறீர்கள்? ஐந்நூறு எழுத்துக்குக் குறையாமல்.'

குழுவின் தலைவர் தாக் மூயோல், கிட்டார் வாசிக்கிறவர், ஒருநாள் வேடிக்கையாக இந்தப் பரீட்சையை எழுதிப் பார்த்தார். தேறவில்லை.

"அண்ணே, அந்தக் குச்சி ஒடிஞ்சப்ப நான் பக்கத்துல நின்னேன். வலது கை அண்ணே."

"இடது கை."

"மேடையில இருந்தது நானா, நீங்களா?"

"நீ கிட்டாரைப் பார்த்துக்கிட்டு நின்ன, தம்பி. நான் குச்சியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

மூயோல் இன்றுவரை தன் சொந்தக் குழுவின் கஃபேயில் விதைதான். வயதில் மூத்தவரிடம் என்ன சண்டை போடுவது? பன்னிரண்டு வருஷத்தில் கிளை வரை ஏறியவர்கள் நாற்பத்தாறு பேர். காத்திருந்து, சலித்து, வேறு குழுவுக்கு ஓடிப் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல் இருப்பார்கள். "தரம் முக்கியம், தலை எண்ணிக்கை இல்லை" என்று தேசிக் சொல்லிக்கொள்வார். பாதி காலியான கூடத்தில் நின்றுகொண்டு இதைப் பெருமையாகச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், பாருங்கள்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு கச்சேரி முடிந்து எல்லாரும் பன்றிக்கறி சுடும் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதைய பாடகி, நான்காவது பாடகி, ரா சோல்ஹீ, கத்தரிக்கோலால் கறியை நறுக்கிக்கொண்டே ஒரு குண்டைப் போட்டாள்.

"எனக்குத் தெற்கே ஒரு நகராட்சியோட பாடகர் கோஷ்டியில வேலை கிடைச்சிருக்கு. மாசச் சம்பளம், ஓய்வூதியம், பல் வைத்தியம் எல்லாம் உண்டு. அடுத்த கச்சேரி முடிஞ்சு திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

அடுப்பில் கறி கருகியது. யாரும் திருப்பிப் போடவில்லை.

"நீ போயிட்டா இன்னொருத்தியைத் தேட எனக்குத் தெம்பில்லை. கடையைக் கட்டிட வேண்டியதுதான்" என்றார் மூயோல்.

"எனக்கும் போக மனசில்லை அண்ணே. ஆனா எங்க அம்மா மோக்போ துறைமுகத்துல மீன் வித்து ஏழு வருஷம் என்னை ஆப்பரா படிக்க வச்சாங்க. நாலு வருஷமா இங்க பாடறேன், ஒருநாள் வந்ததில்லை. 'பேய் பிடிச்சவங்களோட கத்துறியாமே'ன்னு கேக்குறாங்க. ஒரே ஒரு தடவை வந்து கேட்டுட்டு, இதுவும் பாட்டுதான்னு அவங்க வாயால சொல்லிட்டாங்கன்னா நான் எங்கேயும் போகலை. இல்லைன்னா கையெழுத்துதான்."

தேசிக் சாப்பிடுவதை நிறுத்தினார். மனைவி, மக்கள் என்று யாரும் இல்லாத மனிதர். சனிக்கிழமை சாயங்காலம் நிற்பதற்கு மிக்சர் மேஜையின் இடது பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறு இடம் அவருக்குக் கிடையாது.

"உங்க அம்மாவுக்கு முதல் வரிசையில நாற்காலி. என் பொறுப்பு!" என்று மேஜையைத் தட்டினார்.

"ஓசி நாற்காலின்னா வரமாட்டாங்க அண்ணே. 'ஓசியில வந்தா நல்லாருக்குன்னு சொல்லணும். நானே டிக்கெட் வாங்கிக்கிட்டு வரேன், அப்பதான் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்'னுட்டாங்க."

"அதுவும் நல்லதுதான்" என்றார் தேசிக். தன்னுடைய சட்டம் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவேயில்லை. சட்டம் என்பது போலி ரசிகர்களுக்கு அல்லவா?

அந்த வாரமே கஃபேயில் ஒரு புதிய விதை வந்து விழுந்தது. புனைபெயர், 'திருக்கைக்காரி'. விடைத்தாளைத் திறந்த தேசிக்குக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. குச்சி எந்தக் கை என்பதற்கு, 'பாவம், கையில அடி பட்டுதா?' என்று எழுதியிருந்தது. எத்தனை இடத்தில் மூச்சு என்பதற்கு, 'வேண்டிய இடத்துல எடுக்கட்டும், எடுக்கலைன்னா செத்துல்லா போவா'. ஏன் நேசிக்கிறீர்கள் என்பதற்கு, 'இன்னும் நேசிக்கலை. கேட்டுட்டுச் சொல்லுதேன்.'

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. தேசிக்குக்குப் புரியவில்லை. 'அலட்சியம். படித்துவிட்டு வரவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். திருக்கைக்காரி மறுபடி எழுதினாள். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை குச்சிக்கு 'வலது' என்று குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாள். 'கிட்டாரிஸ்ட் செய்த அதே தவறு' என்று சிவப்பு எழுத்தில் குறிப்புப் போட்டுத் திருப்பினார்.

கச்சேரி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தரைக்குக் கீழே கூடம். தெருவிலிருந்து பதினேழு படி இறங்கினால் இரும்புக் கதவு. கதவருகே தேசிக், கையில் பெயர்ப் பட்டியல், கழுத்தில் அட்டை. உள்ளே முதல் வரிசை நடுவில் ஒரு நாற்காலி, அதில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாள்: 'சோல்ஹீயின் தாயார்'. டிக்கெட் வாங்கிவிட்டு வந்தால்கூட உட்கார ஒரு கௌரவமான இடம் வேண்டாமா? ஆப்பராப் பாடகியின் தாயார் எப்படி வருவார் என்று மனத்தில் ஒரு படமும் வரைந்து வைத்திருந்தார். முத்துமாலை, சாம்பல் நிறப் பட்டு, மெல்லிய குரல்.

நாலே முக்காலுக்கு ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். பூப்போட்ட பருத்திச் சட்டை, ஊதா நிற வெயில் தொப்பி, கையில் கயிறு கட்டிய வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. அவள் வருவதற்கு நான்கு படி முன்னாலேயே பெட்டியின் வாசனை வந்துவிட்டது. மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வரவழைக்கும் வாசனை. கூடத்துக் கழிப்பறை உடைந்துவிட்டதோ என்று தேசிக் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, பாட்டு இங்கதானே?"

"ஆமாம்மா. டிக்கெட்?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். ஒண்ணு குடுங்க."

"வாசல்ல விக்கிறதில்லைம்மா. கஃபேயில கிளை உறுப்பினரா இருந்தாத்தான்."

"மூணு தடவை எழுதிப் போட்டேம்லா! எந்தக் கடங்காரனோ திருப்பித் திருப்பி அனுப்பிட்டான்."

தேசிக் தொண்டையைக் கனைத்தார். "நான்தான் நிர்வாகி."

"ஓ… நீங்கதானா." அந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், சந்தையில் நேற்றைய மீனைப் பார்க்கிற பார்வை. "குச்சி எந்தக் கைன்னு தெரியலைன்னா பாட்டு காதுல விழாதோ?"

அவர் மனம் கொஞ்சம் இளகியது. ஆதி ரசிகர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. விதிக்கு உட்பட்ட கருணை அவர்களிடம் நிறைய உண்டு. "சரி, வயசானவங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க போல. உங்களுக்காக ஒரே ஒரு கேள்வி. முதல் பாடகியோட பேரு என்ன?"

"எனக்கு நாலாவது பாடகி பேருதான் தெரியும்."

"மன்னிக்கணும்மா." உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

'நான் சோல்ஹீயின் தாயார்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லமாட்டாள். முப்பது வருஷம் மீன் ஏலத்தில் நின்ற பாங் ஓக்புன் அம்மாள், யாருடைய பெயரையும் சொல்லி எந்த வாசலிலும் நுழைந்தவள் இல்லை.

"இந்தப் படியில உக்காந்துக்கிடலாமா? இல்ல, அதுக்கும் கேள்வி உண்டா?"

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் தேசிக் பெருந்தன்மையாக. அவள் மேலிருந்து ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தினார்.

முதல் பாட்டு இடித்தது. இரண்டாவது இடித்தது. நாற்பத்தாறு பேரும் தேசிக் அச்சடித்துக் கொடுத்த தாளின்படி கத்த வேண்டிய இடத்தில் கத்தினார்கள், கிட்டார் மெட்டைக்கூட ஒரே குரலில் பாடினார்கள், சோல்ஹீ உச்சத்துக்கு ஏறும் இடத்தில் தாளின்படி வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் சோல்ஹீயின் கண் அந்த இரண்டு பாட்டிலும் முதல் வரிசை நடுவுக்கு வந்து வந்து போயிற்று. நாற்காலி காலி. யாரோ ஒரு கால் வலித்த இளைஞன் அதில் உட்காரப் போனான். தேசிக் பாய்ந்து வந்து விரட்டினார். மூன்றாவது பாட்டில் அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மிக்சர் மேஜைப் பக்கம் நின்ற தேசிக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வரவில்லை. அந்த அம்மாள் வரவில்லை. திங்கட்கிழமை கையெழுத்து.

நான்காவது பாட்டின் நடுவில் கூடத்து முதலாளி வந்து அவர் தோளைத் தட்டினார். "படிக்கட்டுல என்னமோ நாறுது. என்னன்னு பாருய்யா, வர்றவன் எல்லாம் மூக்கைப் பொத்துறான்."

தேசிக் கதவைத் திறந்து வெளியே வந்து மறுபடி சாத்தினார். அந்த அம்மாள் அதே படியில், கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே சோல்ஹீ ஏறிக்கொண்டிருந்தாள். இரும்புக் கதவைத் தாண்டி டிரம்ஸ் வெறும் தொம் தொம்மென்று வந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அம்மா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மேலே…"

"சும்மா இருங்க தம்பி. இப்ப பாருங்க… இந்தா, இந்த இடம். அவ தொண்டையை இறுக்குதா. உங்களுக்குக் கேக்குதா? அழுகையை அடக்கிட்டுப் பாடுதா."

பன்னிரண்டு வருஷம் கேட்ட காதைத் தேசிக் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. "அதெல்லாம் இல்லைம்மா. அவங்க ஸ்டைலே அப்படித்தான். மூணாவது ஆல்பத்துல இருந்து…"

"நாலு வயசுல இருந்து. அப்பன் கடலுக்குப் போனா வாசல்ல நின்னு இப்படித்தான் இறுக்குவா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

தேசிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று விடைத்தாளும், சிவப்பு எழுத்துக் குறிப்பும், ஒட்டி வைத்த தாளும் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றன. காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன. இடுப்பை ஒடித்து அவர் கும்பிட்ட கும்பிட்டில் நெற்றி போய்த் தெர்மகோல் பெட்டியில் இடித்தது.

"அம்மா! உள்ள வாங்கம்மா! தெரியாமப் போச்சு! வாங்க, வாங்க!"

"டிக்கெட்?"

ஐயோ பாவம், இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்திருப்பார்கள். தேசிக் செல்போனைத் திறந்தார். விதையைத் தளிராக்கினார். தளிரை இலையாக்கினார். ஒரு தடவைக்கு ஒரு படிதான் ஏற்ற முடியும். அதுவும் அவர் போட்ட சட்டம். அவசரத்தில் இலையை ஒருமுறை மறுபடி விதையாக்கிவிட்டு, அழாக்குறையாக முதலிலிருந்து தொடங்கினார். உள்ளே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது. கடைசியில் கிளையும் ஆயிற்று, அம்மாள் பர்ஸைத் திறந்து டிக்கெட்டும் வாங்கியாயிற்று.

சோல்ஹீ உச்சத்தின் பாதியில் இருந்தபோது முதல் வரிசை நடுவில் ஊதாத் தொப்பி வந்து உட்கார்ந்தது. அவள் குரல் அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பில் குடியிருக்கும் அறுபது வயலினும் யாருக்காகவும் நிற்பதில்லை, அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. மூயோல் என்ன செய்வதென்று தெரியாமல் கிட்டாரை இடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு பேரும் தாளில் இந்த இடத்துக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லையே என்று பேசாமல் நின்றார்கள்.

"ஏன்டி நிறுத்திட்டே? பாடுடி!" என்று ஒரு குரல் கூடத்தைக் கிழித்தது.

"உஷ்!" என்றார் தேசிக். பழக்கதோஷம்.

சோல்ஹீ சிரித்தாள். அழுதாள். பிறகு வயலின்களை எட்டிப் பிடித்து ஏறினாள் பாருங்கள், அன்றைக்கு ஏறிய மாதிரி அந்தக் கூடத்தில் யாரும் ஏறியதில்லை. முதல் பாடகி உட்பட.

கச்சேரி முடிந்து வழக்கமான கறிக்கடையில் ஓக்புன் அம்மாள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே, மோக்போ பக்கத்துக் கல்யாணங்களில் இல்லாமல் முடியாத, நன்றாகப் புளிக்க வைத்த திருக்கை மீன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வேறு மேஜைக்குப் போனார்கள். மூயோல் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அம்மா… எப்படி இருந்துச்சு?"

அம்மாள் நிதானமாக மென்றாள். சோல்ஹீ குனிந்த தலை நிமிரவில்லை.

"நீங்க போடுத சத்தத்துக்கு எங்க மீன் சந்தை தோத்துது தம்பி. உங்களுக்கெல்லாம் வீட்டுல யாரும் சோறு போடுததில்லையா, இந்த அடி அடிக்கிய?" என்றாள். "ஆனா அம்புட்டுச் சத்தத்துக்கு மேல ஏறி, இரும்புக் கதவையும் தாண்டி இவ குரல் படிக்கட்டுக்கு வந்துதுல்லா… ஏலம் கூவின தொண்டை எனக்கு. அதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு எனக்குத் தெரியும். பாட்டுதான், போ. இதுவும் பாட்டுதான்."

திங்கட்கிழமை சோல்ஹீ நகராட்சிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பல் வைத்தியம் போனது போனதுதான்.

தேசிக் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அன்று இரவே மூயோலிடம், "இனிமே டிக்கெட்டுக்குக் கேள்வியே கிடையாது தம்பி" என்று கண் கலங்கச் சத்தியம் செய்தார். செவ்வாய்க்கிழமை சட்டத்தையும் நீக்கினார். புதன்கிழமை அவருக்குக் கை அரித்தது. வியாழக்கிழமை கஃபேயில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. குரலின் உண்மையான வலிமையைச் சோதிக்க இரும்புக் கதவுக்கு வெளியே இருந்து கேட்பதே சிறந்த முறை என்றும், தாயாருக்கு அந்த வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்தது நிர்வாகம்தான் என்றும், அந்த வரலாற்று நிகழ்ச்சியின்போது கதவுக்கு வெளியே இருந்த ஒரே ரசிகர் யார் என்பதை அடக்கம் காரணமாகச் சொல்ல விரும்பவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பழைய சட்டம் திரும்பி வந்தது, பதினொன்றாவது கேள்வியோடு: 'சோல்ஹீயின் தாயார் அமர்ந்து கேட்டது மேலிருந்து எத்தனையாவது படி?'

இதுவரை முப்பத்தொரு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவரும் தேறவில்லை.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைப் படித்தவுடன் விடை உங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றதா? அதுகூடத் தெரியாத முப்பத்தொரு பேரை நினைத்து, 'கவனமே இல்லாத ஜென்மங்கள்' என்று ஒரு விநாடி தோன்றியதா? தோன்றவில்லை என்றால் நீங்கள் நல்லவர், போய்ப் பாட்டுக் கேளுங்கள். தோன்றியது என்றால் தயவுசெய்து எழுந்து போய், உங்கள் வீட்டு வாசற்கதவைத் திறந்து, வெளியே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.